பரிசோதனைத் தாள் நல்லது என்கிறது, தோட்டம் தேறவில்லை: மண் மதிப்பீட்டில் பிழை தேடும் வழிமுறை

சொட்டு நீரில் எலுமிச்சை, கொய்யா, மாதுளை, முருங்கை வைப்பதற்காக நிலத்தை மதிப்பிட்டு, மண் பரிசோதனையும் செய்து, செலவு பார்க்காமல் குழாயும் பதித்த பிறகு, மூன்றாம் ஆண்டில் மரங்கள் தேறாமல் நிற்பதைக் கொங்கு மேட்டு நிலங்களில் அடிக்கடி காண்கிறோம். திருப்பூர், கரூர், திண்டுக்கல் பகுதிகளில் ஐந்து ஏக்கர் பூமிக்குள்ளேயே செம்மண், சரளை, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண், கரிசல் என்று அடுத்தடுத்து மாறுவது புதிதல்ல. இத்தகைய இடங்களில் மதிப்பீடு பிழைப்பதற்கு ஆய்வகம் காரணமாக இருப்பது அரிது. மண் எந்த ஆழத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் பெரும்பாலும் பிழை தொடங்குகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் எது உங்கள் நிலத்தில் இருந்தாலும், முதலில் குழி தோண்டிப் பாருங்கள். அடுத்து பாசன நீரைச் சோதியுங்கள். ஆய்வகத் தாளை அதன் பின்னரே எடுத்து வாசியுங்கள்.

தேவையான பொருட்கள் மிகக் குறைவு: கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடா, சொட்டுப் புட்டியில் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு லிட்டர் மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், இரண்டு கண்ணாடி டம்ளர்கள், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துத் திறன் மானி ஒன்று. அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிவதும் கண்ணுக்கு அருகே புட்டியைக் கொண்டு போகாமல் இருப்பதும் அவசியம்.

அறிகுறி: முதல் இரண்டு ஆண்டுகள் செழித்த மரங்கள் மூன்றாம் ஆண்டில் வளர்ச்சி நின்று, வெயில் காலத்தில் நுனியிலிருந்து காய்கின்றன

மதிப்பீட்டில் நேரும் பிழைகளில் மிகுந்த இழப்பைத் தருவது இதுதான் என்பதால், இதை விரிவாகச் சொல்கிறேன். நடவுக் குழியை நாம் மூன்றடிக்குத் தோண்டி, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புகிறோம். கன்று முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் குழிக்குள்ளேயே வாழ்கிறது. சுற்றியுள்ள நிலம் எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரிவதில்லை. மூன்றாம் ஆண்டில் வேர் குழியின் சுவரைத் தாண்ட முயலும்போதுதான் நிலத்தின் உண்மையான இயல்பு வெளிப்படுகிறது.

இரண்டு மரங்களுக்கு நடுவே, நடவின்போது தோண்டப்படாத இடத்தில், ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியைத் தோண்டுங்கள். பாறையோ கடினத் தளமோ அதற்கு முன்பே வந்தால் அங்கே நிறுத்தலாம். வெயில் விழும் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்து, நாடாவைத் தொங்கவிட்டு, நிறமும் இறுக்கமும் எந்த ஆழத்தில் மாறுகின்றன என்று குறியுங்கள். மெல்லிய வேர்கள் எந்த ஆழம் வரை இறங்கியிருக்கின்றன, எங்கே பக்கவாட்டில் திரும்பிப் படர்கின்றன என்பதே இங்கே முதன்மையான சான்று. ஓரிடத்தில் எல்லா வேர்களும் ஒரே மட்டத்தில் வளைந்து ஓடினால், அந்த மட்டத்துக்குக் கீழே தடை இருக்கிறது.

அந்தத் தடை என்ன என்பதைப் பிரித்தறிய வேண்டும். அது 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், சில விரற்கடை தடிமனில் இறுகிய ஏடாக இருந்து, அதன் கீழே மண் மீண்டும் பொலபொலப்பாக இருந்தால், பல ஆண்டுகள் ஒரே ஆழத்தில் உழுததாலும் டிராக்டர் ஓடியதாலும் உண்டான உழவுத் தளம் அது. மண் காய்ந்திருக்கும் காலத்தில் உளிக்கலப்பையை இரு திசைகளிலும் ஓட்டினால் இது உடையும். ஈர மண்ணில் ஓட்டினால் கலப்பை கீறிக்கொண்டு போகுமே தவிர தளம் நொறுங்காது. 40 முதல் 70 சென்டிமீட்டருக்குள் வெள்ளை முடிச்சுகளாகவோ பலகையாகவோ வந்து, அமிலம் விட்டவுடன் சீறிப் பொங்கினால் அது சுக்கான் படுகை. முடிச்சுகள் மட்டும் இருந்தால் வேர் இடுக்கு பார்த்து இறங்கும். ஒட்டிப் பலகையானால் இறங்காது. கடப்பாரை பட்டால் உதிரும் அரைகுறைப் பாறை மூன்றாவது வகை. அதன் விரிசல்களில் வேர் ஓரளவு நுழையும், ஆனால் நீரைத் தேக்கி வைக்கும் இடமாக அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்தியாவில் மண் அளவையர் 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த மண்ணை ஆழமற்றது என்றும், 100 முதல் 150 வரை உள்ளதை ஆழமானது என்றும் வகுக்கிறார்கள். மாவும் எலுமிச்சையும் கேட்பது குறைந்தது ஒரு மீட்டர் தடையற்ற மண். ஆனால் உரப் பரிந்துரைக்காக எடுக்கப்படும் மாதிரி மேல் 15 சென்டிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் நல்ல பணியைச் செய்திருக்கிறது. ஆனால் அதன் 12 அளவீடுகளில் ஆழமோ மண் நயமோ (மணல், வண்டல், களியின் விகிதம்) சரளையோ இல்லை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கட்ட முறையில் எடுக்கப்பட்டதால், அந்த மண் உங்கள் பூமியிலிருந்தே எடுக்கப்பட்டதா என்பதும் உறுதியில்லை. பழத்தோட்டத்துக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே மண் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு அனுப்ப வேண்டும். மூன்று ஆழத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், வேரைத் தடுக்கும் அடுக்கின் அடையாளமே சராசரியில் கரைந்து போய்விடும்.

அறிகுறி: டிரிப்பருக்கு அடியில் நீர் குளமாக நிற்கிறது, அல்லது பாத்தியை விட்டு வழிந்து ஓடுகிறது

அதிக நீர் விடுகிறோம் என்று எண்ணி நேரத்தைக் குறைப்பதே பலரும் செய்வது. அதற்கு முன் மண் எவ்வளவு வேகத்தில் நீரைக் குடிக்கிறது என்பதை அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தகர வளையம் ஒன்றையும் அதைச் சுற்றி 60 சென்டிமீட்டர் வளையம் ஒன்றையும் மண்ணில் அடித்து இறக்கி, இரண்டிலும் நீர் ஊற்றி, உள் வளையத்தில் மட்டம் இறங்கும் வேகத்தைக் குறிப்பது முறையான சோதனை. தொடக்க வேகம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். வேகம் மாறாமல் நிலைத்த பிறகு கிடைக்கும் அளவே கணக்குக்கு உதவும். மணற்பாங்கான இருமண்ணில் மணிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர், மணலும் வண்டலும் களியும் கலந்த இருமண்ணில் 10 முதல் 20, களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. சோதனையைப் பாசனத்துக்குப் பயன்படுத்தப் போகும் அதே கிணற்று நீரில்தான் செய்ய வேண்டும். லாரியில் வந்த நல்ல தண்ணீரில் செய்த சோதனை வேறொரு நிலத்தைக் காட்டும்.

கிடைத்த அளவு மண்ணின் நயத்துக்கு ஏற்றதாக இருந்தால் பழுது மண்ணில் இல்லை. டிரிப்பரின் வேகம்தான் மண்ணுக்கு மிஞ்சியது. மணிக்கு 8 லிட்டர் டிரிப்பருக்குப் பதில் 4 அல்லது 2 லிட்டர் டிரிப்பர்களை எண்ணிக்கையில் கூட்டி வைத்தால் போதும். செம்மண்ணாகத் தெரிகிற இடத்தில் களிமண்ணின் வேகம் வந்தால்தான் மேலே தேட வேண்டும்.

பட்டாணி அளவுள்ள உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் உள்ள டம்ளரில் மெல்ல இறக்கி, அசைக்காமல் வையுங்கள். பத்து நிமிடத்திலும், இரண்டு மணி நேரத்திலும், மறுநாளும் பாருங்கள். கட்டி சரிந்து குவியலாகி, சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால், மண்ணில் அங்ககப் பொருள் குறைவு. மேற்பரப்பில் மழைத்துளி பட்டு ஏடு கட்டுகிறது. மூடாக்கும் பசுந்தாளும் இதைச் சீராக்கும். கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் விரிந்தால், களித்துகள்கள் தனித்தனியே பிரிகின்றன. சோடியம் மிகுந்த களர் தன்மைக்கு அது வலுவான அடையாளம். இந்தச் சோதனையைக் கிணற்று நீரில் செய்யாதீர்கள். நீரில் உள்ள உப்பே களித்துகள்களைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், களர் நிலமும் நல்ல நிலம் போலத் தோன்றும். அப்படித் தேறிய நிலம் ஐப்பசி மழை பெய்து மேல் உப்பைக் கழுவியவுடன் சேறாகி இறுகுவதைப் பார்த்திருக்கிறேன்.

களர் என்று தெரிந்தால், அது நிலத்தோடு வந்ததா, நீரோடு வந்ததா என்று கேட்க வேண்டும். ஆழம் கூடக் கூடக் கார அமில நிலை (pH) ஏறிக்கொண்டே போனால் நிலத்தின் இயல்பாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரிப்பருக்கு அடியில் மட்டும் அதிகமாகவும் வரிசைக்கு நடுவே குறைவாகவும் இருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரே காரணம். நீர்ப் பரிசோதனையில் எஞ்சிய சோடியம் கார்பனேட்டின் அளவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்த நீர் எவ்வளவு நல்ல மண்ணையும் மெல்ல மெல்லக் களராக்கும். களரைத் திருத்த மண்ணுக்கு ஜிப்சம் இட்டுவிட்டு அதே நீரைத் தொடர்வது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும். ஜிப்சம் எவ்வளவு என்பதை ஆய்வகம் ஜிப்சம் தேவை என்று தனியே கணித்துச் சொல்லும். இட்ட பிறகு நல்ல நீரில் கழுவி வெளியேற்ற வடிகால் இல்லையென்றால், விடுபட்ட சோடியம் அங்கேயே தங்கிவிடும்.

அறிகுறி: எவ்வளவு நீர் விட்டாலும் மறுநாளே வாடுகிறது

டிரிப்பரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அடுத்த நாள் அதன் அருகே குறுக்காக வெட்டி ஈரத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஈரம் பக்கவாட்டில் ஓரடி கூடப் பரவாமல் கேரட் போலக் கீழே இறங்கியிருந்தால், மணலும் சரளையும் நீரைத் தாங்கவில்லை. சரளையின் பங்கை மதிப்பீட்டுத் தாள் பெரும்பாலும் விட்டுவிடுகிறது, ஏனெனில் ஆய்வகம் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணை மட்டுமே சோதிக்கிறது. கல் அங்கேயே ஒதுக்கப்படுகிறது. மீட்டருக்கு 120 மில்லிமீட்டர் நீர் பிடிக்கும் மண் என்று தாள் சொன்னாலும், ஆழம் 60 சென்டிமீட்டர்தான் என்றால் 72 மில்லிமீட்டர். அதில் கன அளவில் 40 சதவீதம் சரளை என்றால் மிஞ்சுவது 43 மில்லிமீட்டர் மட்டுமே. இத்தகைய நிலத்தைத் தள்ள வேண்டியதில்லை. தினமும், தேவைப்பட்டால் நாளுக்கு இருமுறை, சிறுகச் சிறுக நீர் கொடுக்கும் ஏற்பாடும் மின்தடையைத் தாங்கும் தொட்டியும் இருந்தால் கொய்யாவும் முருங்கையும் நன்றாகவே வரும்.

அறிகுறி: மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

வெள்ளையெல்லாம் உப்பு அல்ல. அந்தப் பொடியில் அமிலம் விட்டுச் சீறினால் அதில் கார்பனேட் இருக்கிறது. சீறியதை நீரில் கலக்கினால் கரையாமல் அடியில் தங்குவது சுண்ணாம்பு. கரைந்து, நீர் வழவழப்பாகிக் கார அமில நிலை 9-ஐத் தாண்டினால் அது சோடியம் கார்பனேட், அதாவது களர். அமிலத்தில் சீறாமல் நீரில் எளிதில் கரைந்து, மானியில் எண் சட்டென்று ஏறினால் அது உவர், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண். உவர் நிலத்தில் ஜிப்சம் இடுவது வீண் செலவு; நல்ல நீரும் வடிகாலுமே அதற்கு மருந்து. களர் மண்ணில் வெள்ளைக்குப் பதில் கருத்த எண்ணெய்ப் பசை போன்ற படலமும் தோன்றலாம். கரைந்த அங்ககப் பொருள் மேலே வந்து படிவதே அதற்குக் காரணம்.

சொட்டு நீர்த் தோட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு, டிரிப்பரைச் சுற்றி மண் நனைந்திருக்கும் ஈரக் குமிழின் விளிம்பில் வளையமாகச் சேர்கிறது. டிரிப்பருக்கு அடியில் எடுத்த மண்ணும் ஓரடி தள்ளி விளிம்பில் எடுத்த மண்ணும் இரு வேறு நிலங்கள் போல எண் காட்டும். ஆகவே எங்கே எடுத்தோம் என்பதை எழுதாத மாதிரியால் பயனில்லை. கோடையில் பெய்யும் சிறு தூறல் அந்த வளையத்து உப்பை வேருக்குள் தள்ளிவிடும் என்பதால், அப்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடுவதே மரத்துக்குப் பாதுகாப்பு.

அறிகுறி: இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, ஆனால் தாளில் இரும்புச் சத்து போதுமான அளவு என்கிறது

எலுமிச்சையில் இதை முதலில் காண்போம். குழிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் அமிலச் சொட்டு விட்டுக்கொண்டே வாருங்கள். மேல்மண் மௌனமாக இருந்து, கீழ்மண் சீறினால், வேர் சுண்ணாம்பு அடுக்கை எட்டிவிட்டது. இரும்பு மண்ணில் இருந்தும் பைகார்பனேட்டின் பிடியில் வேருக்குக் கிட்டவில்லை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் இடுவது பயன் தராது. சில நாட்களில் அது துருவாக மாறிவிடும். அரை சதவீத அன்னபேதிக் கரைசலோடு சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்து இலைவழி தெளிப்பதும், மண்ணில் இட வேண்டுமானால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பை வாங்குவதும் பலன் தரும்; விலை குறைவு என்று இடிடிஏ (EDTA) வகையை வாங்கினால், அது சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. இன்னும் நடவு செய்யாதவராக இருந்தால், இந்த மண்ணுக்கு எலுமிச்சையை விட்டு நெல்லியையோ இலந்தையையோ மாதுளையையோ எண்ணிப் பார்ப்பதே என் பரிந்துரை. ஆண்டுதோறும் தெளித்துக் காப்பாற்றும் மரம், விலை சரியும் ஆண்டில் கைவிடப்படுகிறது.

அறிகுறி: இரண்டு ஆய்வகங்களின் மின்கடத்தும் திறன் எண்கள் ஒத்துப்போகவில்லை

இருவரும் சரியாகவே சோதித்திருக்கலாம். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணை இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீரில் கலக்கி அளக்கின்றன. ஆனால் பயிர்களின் உப்புத் தாங்கும் எல்லைகளும், 1954-இல் அமெரிக்க உவர் மண் ஆய்வகம் வெளியிட்ட கையேட்டின் மீட்டருக்கு 4 டெசிசைமன் என்ற உவர் எல்லையும், மண்ணை நீர் விட்டுச் செறிவுக் குழம்பாக்கிப் பிழிந்த சாற்றுக்கு உரியவை. நூறு கிராம் மணற்பாங்கான மண் குழம்பாக ஏறக்குறைய 30 கிராம் நீர் போதும். களிமண்ணுக்கு 70 கிராம் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு முறையில் இரண்டுக்கும் 200 கிராம் ஊற்றுகிறோம். ஆகவே சாற்றின் உண்மையான அளவு, தாளில் உள்ள எண்ணைப் போல மணலில் ஆறு மடங்குக்கு மேலும் களியில் மூன்று மடங்கு அளவிலும் இருக்கக்கூடும். தாளில் 0.5 என்று பார்த்து நிம்மதி அடைந்த செம்மண் நிலம், உண்மையில் 3-ஐத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மாஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் தொகுத்த, பயிர்களின் உப்புத் தாங்கும் அட்டவணைப்படி வெங்காயத்தின் எல்லை 1.2, ஆரஞ்சின் எல்லை 1.7, தக்காளியின் எல்லை 2.5. தாளில் விகிதம் குறிக்கப்படவில்லையென்றால், ஆய்வகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள்.

அறிகுறி: மண் வரைபடம் ஒன்று சொல்கிறது, குழி வேறொன்று காட்டுகிறது

குழியை நம்புங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர்; ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 25 ஹெக்டேர் அடங்குகிறது. ஐந்து ஏக்கர் தோட்டம் அதில் பேனா வைத்த புள்ளி அளவே. வரைபடத்தில் இருகூர் வகை என்று எழுதியிருந்தால், அப்பகுதியில் அந்தச் செம்மண் மிகுதி என்றே பொருள். ஓடையோரத்தில் பெரியநாயக்கன்பாளையம் வகைக் கரிசல் ஒரு துண்டு கிடக்காது என்று பொருளல்ல. வரைபடத்தை எங்கெங்கே குழி தோண்டலாம் என்று தீர்மானிக்கப் பயன்படுத்துங்கள். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, தாழ்வில் ஒன்று, நிறம் மாறும் இடத்தில் ஒன்று. பழைய பயிர் எப்போதும் தேறாத இடம் எது என்று நிலத்துக்காரரையும் அங்கே வேலை செய்தவர்களையும் கேட்டு, அங்கே கட்டாயம் ஒன்று.

அறிகுறி: கோடையில் நன்றாக இருந்த மரத்தின் இலைகள் அடைமழை முடிந்ததும் பழுத்து உதிர்கின்றன

சித்திரையில் தோண்டிய குழி வறண்டே இருக்கும். ஆயினும் சுவரில் சாம்பல் நிறத்துக்கு நடுவே துருப்பிடித்தாற்போன்ற செம்புள்ளிகள் தெரிந்தால், அந்த மட்டம் வரை ஆண்டின் ஒரு பகுதியில் நீர் நிற்கிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறத் தாழ்வுகள் போன்ற கசிவுள்ள இடங்களில், வாய்க்கால் ஓடும் காலத்தில் மீண்டும் ஒருமுறை பார்க்காமல் பப்பாளி வைக்க வேண்டாம்.

அறிகுறி: அறிக்கை "பொருத்தமற்றது" என்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் அதே பயிர் காய்க்கிறது

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1976-இல் வகுத்த சட்டகத்தில் பொருத்தம் மூன்று படிகளாகவும் பொருத்தமின்மை இரண்டு படிகளாகவும் உள்ளன. இரண்டு படிகளில் முதலாவது தற்போதைக்குப் பொருத்தமற்றது, அடுத்தது நிரந்தரமாகப் பொருத்தமற்றது. அறிக்கையில் எந்தப் படி எழுதப்பட்டிருக்கிறது, அதற்குக் காரணமாக எந்தக் குறை சுட்டப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். குறையைச் சொல்லாமல் படியை மட்டும் சொன்ன அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்க வேண்டும். களர், உவர், உழவுத் தளம், வடிகாலின்மை ஆகியவை பணமும் காலமும் நல்ல நீரும் இருந்தால் திருத்தக்கூடியவை. பாறை 35 சென்டிமீட்டரில் இருப்பதையும், சுக்கான் பலகையையும், சரளையின் அளவையும் திருத்த முடியாது.

பக்கத்துத் தோட்டக்காரர் அனுமதித்தால் அங்கேயும் ஒரு குழி தோண்டி, அவருடைய கிணற்று நீரை வைகாசியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் மானியில் அளந்து, உங்கள் எண்களோடு ஒப்பிடுங்கள். மண் ஒன்றாக இருந்து நீர் மட்டும் வேறானால், நிலத்தின் மீது பழி போட்ட அறிக்கையை நீர் என்ற தலைப்பில் திருத்தி எழுத வேண்டும். மண்ணே வேறாக இருந்தால், வேலிக்கு இப்பால் எந்த அடியில் அது மாறுகிறது என்பதைப் பத்து பத்து மீட்டராகக் கடப்பாரையால் குத்திப் பார்த்துக் குறித்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு இருபுறமும் வெவ்வேறு பயிரும் வெவ்வேறு பாசன வால்வும் வைத்துத் திட்டமிடுங்கள்.